ஆறு ஓசி, அபராதம் ஆறு பைசா

நொய்யல் ஏன் இப்படி ஆச்சு? இந்தக் கேள்வியை நம்ம கேன்டீன்ல எந்த மேசையில போட்டாலும் ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துடும். "எல்லாம் பேராசை மச்சி. காசுக்காக ஆத்தையே கொன்னுட்டாங்க." அதையே வீரபாண்டி பிரிவுல ஒரு டீக்கடையில கேட்டா, "அதிகாரிங்க வாங்கிட்டு விட்டுட்டாங்க"னு இன்னொரு பதிலும் சேர்ந்து வரும்.

ரெண்டுமே சொல்றவருக்கும் கேட்கிறவருக்கும் திருப்தி தரக்கூடிய பதில்கள். ஆனா நாளைக்கு என்ன செய்யணும்னு ரெண்டும் சொல்லாது. பேராசை திருப்பூர்ல மட்டும் விளையற பயிர் இல்லை. 1980-களின் நடுவில் சுமார் 15 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர், 2024-25-ல் சுமார் 40,000 கோடிக்கு வந்து நிற்குது. இந்த வளர்ச்சிக்குள்ள பல்லாயிரம் முதலாளிகள், பல லட்சம் தொழிலாளர்கள் இருக்காங்க. இவ்வளவு பேரும் ஒரே நேரத்துல கெட்டவங்களா மாறினாங்கன்னு சொல்றது நம்பற மாதிரி இல்லை. அவங்க எல்லாருக்கும் முன்னாடி ஒரே மாதிரியான விலைப் பட்டியல் ஒன்று இருந்தது. அதைப் படிச்சா நடந்தது புரியும். இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு பனியன் கம்பெனி

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ யாராவது பவர்டேபிள்லயோ சிங்கர்லயோ உட்கார்றவங்க இருப்பாங்க. அவங்களைக் கேளுங்க. ஷிப்ட் சம்பளம்னா, எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். வேகமா அடிச்சாலும் மெதுவா அடிச்சாலும் அதே காசு. பீஸ் ரேட்னா, எத்தனை பீஸ் அடிக்கிறீங்களோ அத்தனைக்குக் காசு. அதே ஆள், அதே மெஷின். பீஸ் ரேட்டுக்கு மாறின அன்னைக்கே டீ குடிக்கிற நேரம் குறையும், பீஸ் எண்ணிக்கை கூடும், செக்கிங் டேபிள்ல ஆல்ட்டரும் கூடும். அந்த அக்காவோட குணம் ஒரே ராத்திரியில மாறிடல. எதுக்குக் காசு தர்றோம்ங்கிறதுதான் மாறியிருக்கு.

பீஸ் ரேட் தப்புன்னு நான் சொல்ல வரல. எதை எண்ணிக் காசு தர்றோமோ அது பெருகும், எதை எண்ணாம விடறோமோ அது கவனிப்பாரில்லாமப் போகும். இதை மனசுல வச்சுக்கிட்டு இப்ப சாயப்பட்டறைக்குள்ள போகலாம்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு உப்பு?

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏத்தணும்னா உப்பு வேணும். சாயத்தைத் தண்ணியில இருந்து நூல் பக்கம் தள்ளுறது உப்போட வேலை. வேலை முடிஞ்சதும் உப்பு துணியில ஒட்டாது, முழுக்கத் தண்ணியிலயே தங்கிடும்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்புன்னு வைங்க. பழைய வின்ச் மெஷின்ல ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணி. அப்போ கிலோவுக்கு 900 கிராம் உப்பு. 150 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு 135 கிராம். அதாவது சட்டையோட எடைக்குக் கிட்டத்தட்ட சமமான உப்பு சாக்கடைக்குப் போகுது. இது சாயம் ஏத்தற ஒரு பாத்துக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் அலசற தண்ணி தனி.

இந்த உப்பைத் தண்ணியில இருந்து பிரிச்சு எடுக்க முடியுமா? முடியும், ஆனா செலவு. பிரிக்காம நொய்யல்ல விட்டா? செலவு பூஜ்யம். வெள்ளியங்கிரி மலையில பிறந்து கரூர் பக்கம் காவிரியில சேர்ற ஆறு, இந்தக் கழிவைச் சுமந்துட்டுப் போறதுக்கு யார்கிட்டயும் பில் போடல. ஒரு பட்டறைக்காரர் நல்ல மனசோட உப்பைப் பிரிச்சார்னா அவரோட டையிங் ரேட் கிலோவுக்குக் கூடும். பக்கத்துப் பட்டறையில கம்மியா இருக்கும். ஆர்டர் அங்கே போயிடும். நல்லவங்களை முதல்ல தோற்கடிக்கிற விதி அது. அப்படி ஒரு விதியை வச்சுக்கிட்டு நல்லொழுக்க வகுப்பு எடுத்தா என்ன பிரயோஜனம்?

நிறம் போச்சு, உப்பு போகல

1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வர ஆரம்பித்தன. வாரியமும் நீதிமன்றமும் நெருக்கியதால்தான் வந்தன. சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட் மாதிரி ரசாயனங்களைப் போட்டு அழுக்கைப் படிய வைக்கிற முறை. சிவப்பாப் போன தண்ணி ஓரளவு தெளிஞ்சு வெளியே வந்தது.

கெமிஸ்ட்ரி படிச்ச நமக்குத் தெரியும், கரைஞ்ச உப்பு இப்படிப் படியாது. தமிழ்நாட்டில் ஆற்றில் விடும் கழிவுநீரில் மொத்தக் கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. விதிப் புத்தகத்துல அது இருந்தது. ஆனா அதை எட்டக்கூடிய தொழில்நுட்பம் அந்த நிலையங்கள்ல இல்லை. கண்ணுக்குத் தெரியற நிறத்தைக் குறைச்சா சத்தம் குறையும். கண்ணுக்குத் தெரியாத உப்பு கீழே போகட்டும். நம்ம பீஸ் ரேட் கதைதான் இதுவும். எண்ணினது குறைஞ்சது, எண்ணாதது அப்படியே இருந்தது.

டாலர் ஒரு மாவட்டத்துல, உப்பு இன்னொரு மாவட்டத்துல

இங்கதான் அரசியல் வருது. நொய்யலுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டியது. சில வருஷங்களிலேயே அது சாயக்கழிவு தேங்குற தொட்டியா மாறிடுச்சு. பாசனத்துக்குக் கட்டின அணையில இருந்து "எங்க நிலத்துக்கு அந்தத் தண்ணி வேண்டாம்"னு விவசாயிகளே சொல்ற நிலைமை வந்தது. உலகத்துல எத்தனை அணைக்கு இப்படி ஒரு கதி வந்திருக்கும்னு தெரியல.

இப்போ அன்றைய மேப்பை மனசுல விரிச்சுப் பாருங்க. திருப்பூர் மாவட்டம் 2009-ல்தான் உருவானது. அதுவரைக்கும் திருப்பூர் நகரம் கோவை மாவட்டத்தில் இருந்தது. ஒரத்துப்பாளையம் ஈரோடு மாவட்டத்தில். அதுக்கும் கீழே கரூர். ஏற்றுமதி வருமானம், வேலைவாய்ப்பு, அதைச் சார்ந்த ஓட்டு எல்லாம் மேலே. வீணாப்போன கிணறும் காய்ஞ்ச தென்னையும் கீழே. திருப்பூர்ல ஓட்டு கேட்கிற யாருக்கும் கரூர் விவசாயியோட ஓட்டு தேவைப்படல. சாயப்பட்டறையை மூடச் சொன்னா அவரோட தொகுதியில ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போகும். மூடாம விட்டா நஷ்டம் அடுத்தவர் தொகுதிக்கு. எந்தக் கட்சி ஆட்சின்னாலும் இந்தக் கணக்கு மாறல. அதனால்தான் இந்தப் பிரச்சினை சட்டமன்றத்தில் தீராமல் நீதிமன்றத்துக்குப் போனது.

அபராதமா, கட்டணமா?

நொய்யல் பாசன விவசாயிகளின் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2007 ஜூலை இறுதிக்குள்ள ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகாத நிலைக்கு வரணும். அதுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்'. அதுவரைக்கும் வெளியே விடற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். 2007 தொடக்கத்தில் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா.

லிட்டருக்கு 6 பைசான்னா ஆயிரம் லிட்டருக்கு 60 ரூபாய். ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் ஓட்டி முழுசா சுத்திகரிக்கிற செலவு ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாராளமாத் தாண்டும். ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வெளியேத்தற பட்டறைன்னு வைங்க. அபராதம் 30,000 ரூபாய். சுத்திகரிப்பு 150 ரூபாய்னு எடுத்தா 75,000 ரூபாய். நீங்க அந்தப் பட்டறையோட மேனேஜர். எதைத் தேர்ந்தெடுப்பீங்க?

நீதிமன்றம் இதை ஒரு இடைக்கால ஏற்பாடாத்தான் நினைச்சது. நிறைய பேர் அப்பவே கடன் வாங்கி ஆர்.ஓ. போட்டாங்க, அதையும் மறுக்கக் கூடாது. ஆனா செய்யாம இருக்கறது செய்யறதை விட மலிவா இருக்கற வரைக்கும் எல்லாரும் செய்வாங்கன்னு எதிர்பார்க்க முடியாது.

இதே விஷயம் வேற ஊர்ல, வேற மாதிரி நடந்திருக்கு. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2000-ல் வெளியாயின. சாயங்காலம் குழந்தையைக் கூட்டிட்டுப் போக லேட்டா வர்ற பெற்றோருக்கு, 6 காப்பகங்களில் ஒரு சின்ன அபராதம் போட்டாங்க. லேட்டா வர்றவங்க குறைஞ்சாங்களா? கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூடினாங்க! அதுவரைக்கும் "டீச்சர் காத்திருக்காங்களே"னு ஒரு கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் "காசு கட்டுறோம்ல"னு ஆயிடுச்சு. அப்புறம் அபராதத்தை எடுத்தாங்க. அப்பவும் பழைய கூச்சம் திரும்பி வரல.

நம்ம ஹாஸ்டல்லயும் லைப்ரரியிலயும் யோசிச்சுப் பாருங்க. சின்ன அபராதம் எத்தனை பேரைத் திருத்தியிருக்கு, எத்தனை பேருக்கு வாடகை மாதிரி ஆகியிருக்கு?

2011 ஜனவரி 28

2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொல்லி, மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அதுவும் கடந்துபோனது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள், பிளீச்சிங் பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். கரண்ட் கட்.

அந்த வருஷத்தை உங்க அப்பா அம்மாகிட்ட கேளுங்க. சாயப்பட்டறையில வேலை பார்த்தவங்க மட்டும் பாதிக்கப்படல. நிட்டிங், காம்பாக்டிங், தையல், டெம்போ ஓட்டறவர், மெஸ் நடத்தற அக்கா வரைக்கும் அடி விழுந்தது. வெளியூர்ல இருந்து வந்தவங்க ஊருக்குத் திரும்பினாங்க. சாயம் ஏத்த வேண்டிய துணி வேற மாவட்டங்களுக்கும் வேற மாநிலங்களுக்கும் லாரி ஏறிச்சு. அனுமதி இல்லாத பட்டறைகள் பக்கத்து மாவட்டங்கள்ல முளைச்சதும் அப்பதான். திருப்பூர்ல மட்டும் விலை ஏத்தினா, கழிவு விலை குறைஞ்ச இடம் தேடிப் போகும். தண்ணி பள்ளத்தைத் தேடற மாதிரி.

ஆனா இன்னொரு மாற்றமும் நடந்தது. முதல் முறையா 'செய்யாம இருக்கறதோட' விலை லிட்டருக்கு இத்தனை பைசாங்கிற நிலையிலிருந்து மொத்தத் தொழிலும்ங்கிற நிலைக்கு ஏறிச்சு. தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரத்தில், உப்புக் கரைசலையே திரும்ப சாயம் ஏத்தப் பயன்படுத்துற முறை நடைமுறைக்கு வந்தது. வீரபாண்டி உட்பட மற்ற இடங்களின் நிலையங்களும் படிப்படியாக மீண்டும் ஓடத் தொடங்கின. 15 வருஷமா "முடியாது"ன்னு சொன்னது, ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சது.

அதைவிட சுவாரசியமானது பட்டறைக்குள்ள நடந்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பற ஒவ்வொரு லிட்டருக்கும் காசு கட்டணும்னு ஆனதும், தண்ணி திடீர்னு காஸ்ட்லி ஆயிடுச்சு. கிலோவுக்கு 15 லிட்டர் குடிக்கிற வின்ச் போய், 6 லிட்டர்ல வேலை முடிக்கிற சாஃப்ட்-ஃப்ளோ மெஷின் வந்தது. நம்ம பழைய கணக்கைத் திரும்பப் போடுங்க: கிலோவுக்கு 360 கிராம் உப்பு, டி-ஷர்ட்டுக்கு 54 கிராம். தண்ணியைச் சேமிங்கன்னு யாரும் பேனர் கட்டல. பில் வந்தது, அவ்வளவுதான்.

இதனால எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க. எவாப்பரேட்டருக்கு நீராவி வேணும், அதுக்கு பாய்லர்ல விறகு எரியணும். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையா கிடங்குல சேருது. மழை வந்தா நொய்யல்ல நுரை பொங்கற போட்டோவும் வருஷா வருஷம் பேப்பர்ல வருது. ஒரு ஓட்டையை அடைச்சா, அடுத்த மலிவான வழி எதுன்னு தேடறது மனுஷ சுபாவம். விதி எழுதறவங்க அதுக்கு ஒரு அடி முன்னாடி யோசிக்கணும்.

காத்தாடிக்கும் இதே கதைதான்

"ஊக்கம் கொடுத்தா கெட்டது மட்டும்தான் நடக்குமா?"ன்னு கேட்கலாம். பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டுல போங்க. வரிசையா நிக்கிற காத்தாடிகள்ல பலது நம்ம நூல் மில், பனியன் கம்பெனிக்காரங்களோடது. காற்றாலை வச்சா, அதன் விலையில் 80 சதவீதத்தை முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைச்சுக்கலாம்னு சலுகை இருந்தது. 2012 ஏப்ரலில் அந்தச் சலுகையும், யூனிட்டுக்கு இவ்வளவுன்னு தந்த உற்பத்தி ஊக்கத்தொகையும் நின்றன. 2011-12-ல் இந்தியா முழுக்க சுமார் 3,200 மெகாவாட் காற்றாலை நிறுவப்பட்டது. அடுத்த வருஷம் சுமார் 1,700. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அந்த வருஷம் பாதியாக் குறையல. 2014-ல் தேய்மானச் சலுகை திரும்ப வந்தது.

யோசிச்சுப் பாருங்க. ஆத்துல உப்பை விட்டதும், சுத்தமான மின்சாரத்துக்கு முதலீடு போட்டதும் பல நேரம் ஒரே குடும்பம், ஒரே ஆடிட்டர். கெட்டவரா நல்லவராங்கிற கேள்விக்கு இங்க என்ன பதில் சொல்வீங்க?

அப்போ யார் மேலயும் தப்பே இல்லையா?

இந்த இடத்துல சிலர் என்மேல கோபப்படுவாங்க. "விலைதான் காரணம்னா, ஆளை விட்டுடலாமா?" கூடாது. தெரிஞ்சே விதியை மீறினவருக்குத் தண்டனை வேணும். நான் சொல்றது வேற: தண்டனை மட்டும் போட்டு, விலைப் பட்டியலை அப்படியே விட்டா, அந்த நாற்காலியில அடுத்து உட்கார்றவரும் அதையேதான் செய்வார்.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். லாப நஷ்டக் கணக்கு எல்லாத்தையும் விளக்கிடாது. அந்த விவசாயிகளை எடுத்துக்குங்க. வழக்கு போடற செலவும் அலைச்சலும் போட்டவருக்கு. ஜெயிச்சா பலன் ஆத்தங்கரையில இருக்கற எல்லாருக்கும், வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தவருக்கும் சேர்த்து. கணக்குப் பார்த்தா யாரும் கோர்ட் படி ஏறியிருக்கவே கூடாது. அவங்க சங்கமா சேர்ந்து வருஷக்கணக்கா ஏறினாங்க. அவங்க ஏறலைன்னா இந்த விலை மாறியிருக்காது. ஆனா ஒவ்வொரு ஆத்துக்கும் அப்படி ஒரு கூட்டம் கிடைக்கும்னு நம்பி ஒரு நாட்டை நடத்த முடியாது.

என் கருத்து இதுதான்

ஒண்ணு, அபராதம் எப்பவும் சுத்திகரிப்புச் செலவை விடக் கூடுதலா இருக்கணும். கம்மியா இருந்தா அது அபராதம் இல்லை, டிக்கெட்.

ரெண்டு, சுத்திகரிப்பு நிலையங்களின் மீட்டர் அளவுகள் வாரியத்துக்கு மட்டும் போகாம, ஒரத்துப்பாளையத்துல இருக்கற விவசாயி போன்லயும் தெரியணும். பாதிக்கப்படறவர் கையில தகவல் இருந்தா, கண்காணிக்கிற செலவு குறையும்.

மூணு, ஜீரோ டிஸ்சார்ஜ் கண்டிப்பு திருப்பூருக்கு மட்டும்னு இருக்கக் கூடாது. போட்டி போடற மற்ற ஊர்களுக்கும் அதே கண்டிப்பு வேணும். இல்லைன்னா ஒழுங்கா இருக்கற ஊர் ஆர்டரை இழக்கும், ஒழுங்கில்லாத ஊர் ஆத்தை இழக்கும்.

நாலு, பில்லோட கடைசி வரி. வெளிநாட்டு பிராண்ட் தன் அறிக்கையில பச்சை இலை படம் போடுது. ஆனா காஸ்டிங் ஷீட்ல பையர் பேரம் பேசறப்ப, சுத்திகரிப்புச் செலவுக்குன்னு தனியா ஒரு வரி இருக்கணும், அதுல பேரம் இருக்கக் கூடாது. இல்லைன்னா அந்தச் செலவு கடைசியில டெய்லரோட பீஸ் ரேட்ல இருந்துதான் கழியும்.

நம்மில் பலர் இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல இதே பெல்ட்டுல பிராசஸ் இன்ஜினியரா, மெர்ச்சண்டைசரா, சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டரா, சிலர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலயே உட்காரப் போறோம். நம்ம டேபிளுக்கும் ஒரு விலைப் பட்டியல் வரும். ராத்திரி ஷிப்ட்ல எவாப்பரேட்டர் நின்னுடும், காலையில ஷிப்மென்ட் இருக்கும், மழையும் பெய்யும். அந்த நேரத்துல நல்லவனா இருக்கணும்னு மட்டும் உங்களை நம்பி விட்ட கம்பெனி, உங்களுக்குத் துரோகம் பண்ணுது.

அதனால இன்டர்ன்ஷிப்புக்குப் போற முதல் வாரமே மூணு கேள்வி கேளுங்க. இங்க எதை அளக்கறாங்க? விதியை மீறாம இருந்தா யாருக்கு எவ்வளவு செலவு? மீறினா அந்த நஷ்டம் யார் ஊருக்குப் போகுது? பதிலை ரெக்கார்டு நோட்டோட பின் பக்கத்துல எழுதி வைங்க. மார்க் கிடைக்காது. ஆனா வேலைக்குச் சேர்ந்தப்புறம் அந்தப் பக்கத்தைத்தான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பீங்க.